தலைவருக்காகத் தள்ளி வைத்த பலகை

அன்பு மகன் லியாண்ட்ரோவுக்கு அப்பா எழுதுவது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தோள்வலி தவிர, என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் இருக்கிறோம், அதற்கு மேல் கேட்காதே, கேட்டாலும் கீழே சொல்லத்தான் போகிறேன். இதை வீட்டில் எழுத முடியாது. மைதானத்துச் சாமான் அறையில் சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், தாளை விரிக்கும்போது வெள்ளையாக உதிர்ந்தால் பயப்படாதே, கோடு போடுகிற சுண்ணாம்புதான். எழுத்துக்கு எழுத்து வளைந்திருக்கும், நான் நாலாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், கோடு மட்டும்தான் நேராகப் போட வரும். பக்கத்து வீட்டு மிக்தாலியாவின் அண்ணன் மகள் வியாழக்கிழமை நீ இருக்கிற நாட்டுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் மைதானத்துச் சேதி. இந்த வருஷம் பேஸ்பால் ஆட்டங்கள் நம் ஊரில்தான் தொடங்கும், நாட்டின் தலைவரே வந்து முதல் பந்தை வீசுவார் என்று சேதி வந்தது. ஊருக்கே தலைகால் புரியவில்லை. முப்பது வருஷமாகப் பெயின்ட் பார்க்காத சுவருக்குப் பெயின்ட் வந்தது, ஆனால் பார்வையாளர்கள் உட்காருகிற பக்கத்துக்கு மட்டும். விளையாட்டு அலுவலக ருபியேராவை உனக்கு ஞாபகம் இருக்கும், தொப்பைக்கு முன்னால் விசில் தொங்குமே, அவன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவாரிஸ்தோ, தலைவர் கை இப்போ பழைய கை இல்லப்பா. பந்து பாதியிலே விழுந்துடுச்சுன்னா டிவியில ஊரே பாக்கும். வீசுற பலகையை நாலு அடி முன்னால தள்ளி வை. யாருக்கும் தெரியக்கூடாது" என்றான். "எழுத்துல குடுங்க" என்றேன். "இதெல்லாம் எழுத்துல குடுக்குற விஷயமாடா?" என்று விசிலைக் கடித்தான். பலகைக்கும் மட்டைக்காரனுக்கும் நடுவில் அறுபதரை அடி, அதை இருபத்தாறு வருஷமாக ஒரு விரல்கூடப் பிசகாமல் காத்தவன் நான், பலகையைப் பிடுங்கி நாலு அடி முன்னால் நட்டு, வீசுகிறவன் நிற்கிற மேட்டையும் அதற்கேற்ற மாதிரி முன்னால் இழுத்து, மேலே சிவப்பு மண் தூவிப் பெருக்கிவிட்டேன். நீயே வந்து நின்றிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாய், நீ எதைத்தான் கண்டுபிடித்தாய்.

நான் அதைச் சந்தோஷமாகவே செய்தேன், ஏன் என்று சொல்கிறேன். முதல் பந்தைத் துடைத்துத் தலைவர் கையில் கொடுப்பது மைதானக்காரன், அதுதான் வழக்கம். மட்டைக்காரன் வேண்டுமென்றே காற்றை அடித்துவிட்டுப் போவான், அதுவும் வழக்கம். கொடுக்கிற நேரத்தில் அரை நிமிஷம் அவரும் நானும் மட்டும். மைதானத்தில் வைத்துக் கேட்டால் அவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்று ஊரில் எல்லாரும் சொல்வதை நீயும் கேட்டு வளர்ந்தவன். மிக்தாலியா முத்து முத்தாக ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். என் மகன் அணியை விட்டு வெளிநாட்டுக்கு ஓடியது தப்புதான், எட்டு வருஷம் ஊருக்குள் வரக்கூடாது என்பது சட்டந்தான், மூன்று வருஷம் முடிந்திருக்கிறது, அவன் அம்மா ஓதிலியாவுக்கு அவ்வளவு நாள் இல்லை, ஒரே ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான்.

ஆமாம், அதுதான் கீழே சொல்கிறேன் என்றேனே. உன் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நல்ல பையன், என்னை வெளியே நடத்திக்கொண்டுபோய்த் தோளில் கை போட்டார். பயிற்சியாளர் மேட்டுக்கு நடந்துவந்து தோளில் கை போட்டால், பந்தைக் கொடுத்துவிட்டு இறங்கு என்று அர்த்தம், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மழை முடியும்வரை என்றார். உன் அம்மாவுக்கு நான் சொன்னது, ரத்தம் கொஞ்சம் குறைச்சல், பீட்ரூட் சாப்பிடச் சொன்னார்கள் என்று. பீட்ரூட் எங்கே கிடைக்கிறது என்று அவள் சண்டைக்கு வந்தாள், சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி.

ருபியேரா எங்களை விடவில்லை. ரெண்டு வாரம் ஒத்திகை. அவனே தலைவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்துவந்து, தொண்டையைச் செருமி, "எப்படியிருக்கீங்க தோழரே, ஏதாவது குறை இருக்கா?" என்பான். நாங்கள் "எல்லாம் நல்லாயிருக்கு, ஒரு குறையும் இல்லை" என்று சொல்லவேண்டும். பதினோரு தடவை. பஜ்ஜிக்காரி, கடலைச் சுருள் விற்பவர்கள், ஸ்கோர் பலகைக்காரன் எல்லாரும் வரிசையில் நின்று சொன்னோம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ருபியேராவின் தொப்பை மேல் ஒரு பொத்தான் வேறு இல்லை.

அந்த நாளும் வந்தது. மனுவை மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தேன். தலைவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள், வேறு வேலை என்றார்கள், நமக்கு யார் சொல்வார்கள். அவருக்குப் பதில் ஒரு துணை அமைச்சர் இறங்கினார், நாற்பது வயசு, எருமை மாதிரித் தோள், பழைய ஆட்டக்காரராம். சரி, அவராவது கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பந்தைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "எப்படியிருக்கீங்க தோழரே, ஏதாவது குறை இருக்கா?" என்றார்.

மகனே, என் வாய் "எல்லாம் நல்லாயிருக்கு, ஒரு குறையும் இல்லை" என்றது. பன்னிரண்டாவது தடவை. நான் சொல்லவில்லை, அதுவாகச் சொல்லிவிட்டது. தொப்பியைக் கழற்றி மனுவை மட்டும் நீட்டினேன். அவர், "அடடே, கையெழுத்தா? குடுங்க குடுங்க, பேர் என்ன?" என்று பேனாவை எடுத்து, முழங்காலில் வைத்து, மடிப்பைக்கூடப் பிரிக்காமல், பின்பக்கத்தில் நண்பர் எவாரிஸ்தோவுக்கு விளையாட்டு வாழ்த்துகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் நன்றி வேறு சொன்னேன். அப்புறம் அந்த எருமை நாலு அடி முன்னாலிருந்து வீசியது பார், பிடிப்பவன் மல்லாக்க விழுந்தான், மட்டைக்காரன் நிஜமாகவே காற்றை அடித்தான். ருபியேரா ஆனந்தத்தில் அழுதுவிட்டான்.

மறுநாள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வாழ்த்துங்க, உத்தரவு இல்ல. கண்ணாடி போட்டு மாட்டி வைங்க. எட்டு வருஷம்னா எட்டு வருஷந்தான்" என்றாள். திட்டவில்லை, பாவம், காப்பி கொடுத்தாள், ரேஷனில் வருகிற மாதிரி கொண்டைக்கடலை கலக்காத சுத்தமான காப்பி. அதை வைத்தே தெரிந்தது, இனி ஒன்றும் இல்லை என்று.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எழுத்து வாசிக்கிற கண் இப்போது அவளுக்கு இல்லை, கையெழுத்தை மட்டும் தடவினாள். "அப்போ வர்றானா?" என்றாள். நான், "வராம? கையெழுத்தே போட்டாச்சேடி" என்றேன். இருபது நாளுக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தாள். உன் கட்டில் விரிப்பைத் துவைக்கச் சொன்னாள், என்னைத்தான். சாம்பல் கோழியின் காலில் சிவப்புத் துணி கட்டி, "இது அவனுக்கு. யாராவது இதோட கழுத்துல கை வெச்சீங்க, தொலைச்சுடுவேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறாள், ஏதோ நான் கோழி திருடன் மாதிரி. மிக்தாலியாவுக்கு உண்மை தெரியும், அவள் அடுப்படியில் நின்று அழுதாள், நான் வெங்காயம் என்று சொல்லி வைத்தேன், வீட்டில் வெங்காயமே இல்லை.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மிக்தாலியா வீட்டுக்குப் போன் போடு. உன் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருவேன். எப்போது வருகிறாய் என்று கேட்பாள். மழை முடிஞ்சதும் என்று சொல். தேதி சொல்லாதே, அவள் நாள் எண்ணுவாள். அழாதே, நீ வீசிய பந்தை எவனாவது அடித்தாலே அழுகிற ஆள், அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொள். கூரை வேலைக்குத் தொப்பி இல்லாமல் ஏறாதே. தோளுக்குச் சூடாக எண்ணெய் தேய்.

பலகை இன்னும் நாலு அடி முன்னால்தான் இருக்கிறது. பின்னால் தள்ளட்டுமா என்று ருபியேராவிடம் கேட்டால், எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறான். மூன்று ஆட்டம் ஆகிவிட்டது, இரண்டு பக்கமும் காற்றைத்தான் அடிக்கிறார்கள், லியாண்ட்ரோ மாதிரியே வீசுகிறான்கள் என்று பூங்காவில் பேச்சு. மேலே மண் தூவிப் பெருக்கிவிட்டால் நிற்கிறவனுக்குத் தூரம் தெரியாது. உன் அம்மாவுக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன். நீ போனில் அதைப் பின்னால் தள்ளிவிடாதே.

கோப்ரே மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். என் முத்தமும், உன் அம்மாவுக்குத் தெரியாமல் அவள் முத்தமும்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ

மறக்காதே: பதில் எழுதினால் இதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். போனில் கோழியைப் பற்றி நிச்சயம் சொல்வாள். இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும் என்று சொல்.