பச்சை எது, பிரவுன் எது

மார்ச் 4, திங்கள்

இன்று பதினாறு பேரைப் பார்த்தோம். எடுத்தது ஐந்து. நாற்பது பேர் சேர்வதற்குள் எனக்கு மிச்சமிருக்கிற முடியும் கொட்டிவிடும்.

எங்கள் ஃபேக்டரியின் புது லைனுக்கு ஆள் எடுக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக வயர்க் கட்டுகளைக் கட்டியும் சோதித்தும்தான் பழக்கம், மனிதர்களைச் சோதித்ததில்லை. பக்கத்தில் எச்.ஆர். மேடம். சின்ன வயசு, படு சுறுசுறுப்பு. கேள்வியெல்லாம் அவர் கேட்கிறார், நான் கையைப் பார்க்கிறேன். போர்டில் எண் போட்ட இடங்களில், அதே வரிசையில் வைத்த பத்து வயர்களைச் செருகி, டேப் சுற்றி முடிக்க ஐந்து நிமிடம். வண்டிக்குள் போகிற சமாசாரம். அதனால் வேகத்தைவிட நிதானம்தான் எனக்கு வேண்டும்.

மேடத்திடம் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. "உங்க பலவீனம் என்ன?" என்று ஒருவரிடம் கேட்டார். "சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனா கோவம் வரும் மேடம்" என்றார் அவர். எடுத்துவிட்டோம்.

மார்ச் 5, செவ்வாய்

புது லைனின் வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம். சேரும் ஒவ்வொருவருக்கும் நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு புத்தகம் வந்திருக்கிறது. பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் ஓர் எண் ஒளிந்திருக்கும்.

"சார், நீங்க முதல்ல சொல்லுங்க" என்று மேடம் என் முன்னால் நீட்டினார்.

புள்ளிகள் இருந்தன. எண் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்போதும் இல்லை.

"என்னையே இன்டர்வியூ பண்றீங்களா? இந்த வயசுல ஃபெயிலாக்கி அனுப்பிடாதீங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தபடி புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு, "அறுபத்திரண்டு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அச்சுக் கோளாறாக இருக்கும்.

மார்ச் 6, புதன்

அச்சுக் கோளாறு இல்லை. இன்று வந்த பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் எண்களைக் கடகடவென்று வாசித்தார்கள். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வாசிக்காத ஒருவன் டிரைவர் தம்பி. சரக்கு வண்டி ஓட்டியவன். கை என்ன அழகாக வேலை செய்கிறது! பத்து வயரும் நான்கே நிமிடத்தில், ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் புத்தகத்தைக் காட்டினால் விழிக்கிறான்.

"சிக்னல்ல சிவப்பு, பச்சை எப்படிப்பா தெரியும்?" என்று மேடம் கேட்டார்.

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும் மேடம். இதுல கலர் என்னத்துக்கு?"

மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தானே வண்டி ஓட்டுகிறேன்? எல்லோருமே அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்?

அவன் தாளில் 'தகுதியில்லை' என்று எழுத வேண்டியவன் நான். எழுதினேன்.

மார்ச் 7, வியாழன்

முதுகு வலி என்று சொல்லி மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

'விடைகளைப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன்' என்று சொல்லிப் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கி வந்திருந்தேன். மதியம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் காட்டினேன்.

"பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்போது, அஞ்சு... என்னங்க இது, சின்னப் பசங்க புத்தகமா?" ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

"எனக்கு முதல் பக்கத்தத் தவிர ஒண்ணும் தெரியல."

கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் பச்சை என்று நினைத்து நான் வாங்கி வந்த போர்வை பிரவுனாகப் போனதை இன்று வரைக்கும் விட்டவள் இல்லை. என் காலுறைகளை ஜோடி சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்பவளும் அவள்தான். இன்று கையில் இருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப வேலையில எப்படிச் சமாளிச்சீங்க?"

சமாளிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் சேர்ந்தபோது இந்தப் புத்தகமெல்லாம் கிடையாது. போர்டில் ஒவ்வொரு வயருக்கும் எண் உண்டு, இடம் உண்டு. கை இடத்தைப் பார்த்துத்தான் போகும். கடைசிச் சோதனைக்கு மாறிய பிறகு டெஸ்டர் மிஷின் இருக்கிறது. செருகினால் ஒரு பீப் வந்தால் சரி, மூன்று பீப் வந்தால் தப்பு. நிறத்தை நம்பி நான் எதையும் பாஸ் செய்ததே இல்லை.

இதை எழுதும்போதே ஏதோ நெஞ்சில் குறுகுறுக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

பிடிபட்டுவிட்டது.

இன்று விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒன்றை மேடம் தனியாக எடுத்து 'வேண்டாம்' பக்கம் வைத்தார். "இவங்க இங்கயே வேலை பாத்து டிஸ்மிஸ் ஆனவங்க சார். ரூல்படி திரும்ப எடுக்க முடியாது." எட்டிப் பார்த்தேன். ரேடியோ.

லைனில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் கார்டு தேய்க்கும்போது பேச ஆரம்பித்தால் மாலை மணி அடிக்கும்வரை நிற்காது. கை பாட்டுக்கு வேலை செய்யும். என்னை 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டுக் கலாய்ப்பாள். போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாளாம்.

'முந்தைய வேலையிலிருந்து விலகிய காரணம்' என்ற இடத்தில் நான்கே வார்த்தை எழுதியிருந்தாள்.

பொய் சொன்னேன் என்று சொன்னார்கள்.

மார்ச் 13, புதன்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே புரியும்.

எட்டு வருஷத்துக்கு முன் டெஸ்டர் மிஷின் இரண்டு நாள் பழுது. அந்த இரண்டு நாளும் வரைபடத்தை வைத்து, வயர் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பாஸ் செய்தேன். பத்து நாள் கழித்து முப்பத்தாறு கட்டுகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கனெக்டரில் பச்சையும் பிரவுனும் இடம் மாறியிருந்தன. கட்டியவள் ரேடியோ. சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

விசாரணையில் அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "நான் மாத்திப் போட்டிருக்கலாம் சார். போர்டு புதுசு, குழம்பியிருப்பேன். ஆனா அண்ணா செக் பண்ணதுக்கு அப்பறம் நான் அதத் தொடவே இல்ல."

என்னைக் கேட்டார்கள். "நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு சார்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சோதனை முடிந்த கட்டுகளுக்கு மேல்டேப் சுற்றும் வேலையும் அந்த இரண்டு நாள் அவளுடையது. அப்போது வயரைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டு மறைக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். மேனேஜர் சொன்னார்: "தப்பு பண்ணா வார்னிங்தாம்மா. பொய் சொன்னா வெளிய."

அவள் பொய் சொல்லல. பொய் சொன்னது என் கண்ணு. என் கண்ணு சொன்னத நம்பி நான் சொன்னேன், நான் சொன்னத நம்பி அவங்க... பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள ஆளு சொல்றாரேன்னு. அன்னிக்கி வாசல்ல என்னப் பாத்துக்கிட்டே நின்னாளே. நான் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேனே. லேஸ் அவுந்திருந்துச்சா? இல்ல. அவுந்திருக்கல.

அப்போதே எனக்குள் ஏதோ சந்தேகம் இருந்ததா? தெரியாது. தெரியாது என்று எழுதுவதும் எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியாது.

மார்ச் 14, வியாழன்

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில், "இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. மக படிப்பு இருக்கு. இப்பப் போய் நீங்களா வாயைக் குடுத்து மாட்டிக்கணுமா?" என்றாள். காய் நறுக்கப் போனாள். பாதியில் கத்தியோடு திரும்பி வந்தாள். "அவளும் ஒரு வீட்டுல இப்படித்தானே போய்ச் சொல்லியிருப்பா? அவள யாரு நம்பியிருப்பாங்க?"

மார்ச் 15, வெள்ளி

மேனேஜர் அறைக்குள் போனேன். அதே மேனேஜர், அதே மேஜை. வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, "இதுல எனக்கு எதுவும் தெரியல சார்" என்று ஆரம்பித்துக் கொட்டி முடித்தேன்.

அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டு வருஷம் கழிச்சு ஏன்யா இதத் தூக்கிட்டு வந்து என் தலையில போடற?"

"அவங்க விண்ணப்பம் போட்டிருக்காங்க சார்."

"சரி, எடுத்துக்கலாம். புது ஆளா எடுத்துக்கறேன். பழைய ஃபைல் பழைய ஃபைலாவே இருக்கட்டும். அதத் தோண்டினா கம்பெனி தப்புன்னு ஆயிடும்."

அங்கேயே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கு வேலை கிடைத்துவிடும், எனக்கும் மரியாதை போகாது. ஆசையாகத்தான் இருந்தது. எழுந்துகூட விட்டேன். கதவைத் திறந்துகொண்டே சொன்னேன்: "அந்த ஃபைல்ல அவங்க பொய் சொன்னாங்கன்னு இருக்கு சார். அது நான் சொன்னத வச்சு எழுதினது. நானே எழுதிக் குடுக்கறேன், கம்பெனி ஒண்ணும் எழுத வேண்டாம்."

"உன் செக்கிங் வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

உண்மையில் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

மார்ச் 18, திங்கள்

கம்பெனி டாக்டர் பார்த்தார். பிறவியிலேயே உள்ளதாம். பச்சை, பிரவுன், சிவப்பு எல்லாம் எனக்கு ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். "இவ்வளவு நாள் யாரும் கண்டுபிடிக்கலையா?" என்று ஆச்சரியப்பட்டார். மனைவி கண்டுபிடித்துவிட்டாள், நாங்கள்தான் அதை ஜோக் என்று நினைத்தோம்.

கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். நான்கு முறை கிழித்து எழுதினேன். முதல் மூன்றிலும் 'தெரியாமல்' என்ற சொல் அதிகமாக வந்துகொண்டே இருந்தது.

மார்ச் 20, புதன்

ரேடியோவை அழைத்திருந்தோம். நான் வெளியே இருந்துவிடுகிறேன் என்றேன். "உள்ள இருங்க சார். நீங்களே சொல்லுங்க" என்றார் மேடம். இந்தப் பெண் கெட்டிக்காரி.

முன் பக்கம் நரை. கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இரண்டு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில். 'ஆமா மேடம்', 'இல்ல மேடம்', 'தெரியும் சார்'. என்னை 'சார்' என்றாள்.

கை வேலை மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள்.

நான் சொன்னேன். "அன்னிக்கி நீ சொன்னதுதான் நெஜம். நீ தொடல. எனக்குக் கலர் தெரியாது. அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. ஆனா அன்னிக்கி நீ அவ்வளவு சொல்லியும், மறுபடி ஒரு தடவ பாக்கறேன்னு நான் சொல்லல. அது என் தப்பு."

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர்கிட்ட. எழுதியும் குடுத்துட்டேன்."

"என் பொண்ணு வீட்டுல எதாவது சின்னதா பொய் சொன்னா, எங்க வீட்டுக்காரர் உடனே, 'எல்லாம் உங்கம்மா புத்தி'ம்பாரு. அவளுக்கு அப்ப ஆறு வயசு. இப்ப பதினாலு." குரல் உயரவில்லை. "அந்த லெட்டர்ல ஒரு காப்பி குடுப்பீங்களா?"

மேடம் எழுந்து போய்க் கடிதத்தை இரண்டு நகல் எடுத்து வந்தார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்துவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்தாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத்தான் நினைத்தேன், நல்லவேளை கேட்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

கட்டிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சோதனை முத்திரையைத் திருப்பிக் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது, வெட்கமாகப் போயிற்று. இங்கே வயரை அளவு பார்த்து வெட்டினால் போதும். எந்த வயர் என்பது சுருளில் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும். டிரைவர் தம்பியையும் இங்கேயே போடச் சொல்லிக் கேட்டேன், போட்டுவிட்டார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கண்ணு" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

புது லைன் ஓட ஆரம்பித்து ஒரு வாரம். ரேடியோவின் போர்டு எங்கள் ரேக்குக்கு எதிரில், இருபது அடி தூரம். தினமும் கடந்து போவாள். இதுவரை ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களிடம்கூட அதிகம் பேசுவதில்லை.

இன்று இரண்டு சுருள்கள் லேபிள் பிய்ந்துபோய் வந்தன. லைனுக்கு அவசரம். இரண்டையும் தூக்கிப் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தது. பழைய நானாக இருந்தால் இது பிரவுன்தான் என்று வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

"உனக்கு என்னப்பா தோணுது?" என்று தம்பியைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தோணறதுதான் சார் எனக்கும்" என்றான் அந்த மகாராஜன்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கேட்டேன். இரண்டு கையிலும் சுருளைத் தூக்கிக்கொண்டு, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது: "இதுல பச்சை எது, பிரவுன் எது? எனக்குத் தெரியல. யாராவது சொல்லுங்க."

நாலைந்து தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள். ரேடியோ டேப்பைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டையும் பார்த்தாள். என் இடது கையில் இருந்த சுருளைத் தொட்டாள்.

"இது பச்சை."

'சார்' என்றும் சொல்லவில்லை, 'அண்ணா' என்றும் சொல்லவில்லை. நான் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து லேபிள் எழுதினேன். எழுதி ஒட்டி முடிக்கிறவரை நின்று, லேபிள் சரியான சுருளில்தான் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.