நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மார்ச் 4

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவனைப் பற்றிய நாவல் இன்று முடிந்தது. முந்நூறு பக்கத்துக்கு அவன் ஒருவரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. இப்போது வருகிற நாவல்களில் யாருமே வாய்விட்டு அழுவதில்லை. துக்கம் வந்தால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். ஆனால் கடைசிப் படகு போன பிறகு அவன் தன் காசில் தனக்கே ஒரு டிக்கெட் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற இடம் வந்ததும், புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். வாலுவுக்கு 201 என்று அனுப்பினேன். சாயங்காலம் அவளும் 201 என்றே அனுப்பினாள்.

எங்கள் சட்டம் என் வீட்டுக்காரர் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் கதையைப் பேசிப் பேசியே அவருக்கு மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடுகிறோம் என்று ஒருநாள் கோபித்துக்கொண்டார். இரண்டு பேரும் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, எந்தப் பக்கத்தில் மேலே போக முடியாமல் நிற்கிறீர்களோ அந்த எண்ணை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அவர் தங்கை வாலு வேறு ஊரில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். நாங்கள் இன்னும் எண்தான் அனுப்பிக்கொள்கிறோம்.

சின்ன வயதில் அண்ணன் பின்னாலேயே திரிந்தவளுக்கு அவர் வைத்த பெயர் வாலு. அவளுக்கு ஐம்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

மார்ச் 9

லிஃப்ட்காரர் கேட்டேவிட்டார்.

நான் வேலை செய்கிற பல்செட் கூடம் நாலாவது மாடியில். மாதம் ஒருமுறை லிஃப்டைச் சோதிக்க வருகிறவர், இந்த இரண்டு வருஷமாக வாரம் ஒருமுறை வருகிறார். அப்படி என்ன கெடுகிறது அந்த லிஃப்ட்டில் என்று கூடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மெழுகில் பல் வரிசையை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஆள் இல்ல. உங்களுக்கும் இல்ல. சேர்ந்து இருக்கலாமான்னு கேக்குறேன். பதில் இன்னிக்கே வேணாம்."

கடைவாய்ப் பல்லை முன்வரிசையில் வைத்துவிட்டேன். அந்தக் கிழவர் அதைப் போட்டுக்கொண்டு சிரித்திருந்தால் குதிரை மாதிரி இருந்திருப்பார்.

மார்ச் 10

ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதை எழுதிப் பார்க்கவே கை கூசுகிறது.

மார்ச் 17

பயம் ஊரைப் பற்றி இல்லை. ஊர் வாய்க்கு மூடி போட முடியாது என்பது தெரிந்ததுதானே. பயமெல்லாம் வாலுவைப் பற்றி. அவளுக்கும் எனக்கும் இரத்த உறவு கிடையாது. நடுவில் ஒருவர் இருந்தார், அவர் வழியாக நான் அவளுக்கு அண்ணி. இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் நான் அவளுக்கு யார்? என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

மூன்று தலைமுறை நாவல் பாதியில் நிற்கிறது. முன்னால் வம்சாவளி மரம் போட்டிருக்கிறார்கள், படிக்கிற நேரத்தைவிட அந்த மரத்தில் ஏறி இறங்குகிற நேரம் அதிகம். நடுவில் எண்பது வயதுக்காரர் முழு பல்செட்டோடு ஆப்பிளைக் கடித்துச் சாப்பிடுகிறார். கடிக்கட்டும் பார்ப்போம். மேல்செட் கழன்று கையில் வரும். அந்த எழுத்தாளர் ஒருநாள் எங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 19

கடையில் ஒரு புது நாவலின் பின்னட்டையைப் படித்தேன். கணவனை இழந்த ஒருத்தி, நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். செத்த கணவனுடைய தங்கை வேறு இருக்கிறாளாம் கதையில். வாங்கிவிட்டேன். அடுத்தது இதைப் படிக்கலாம் என்று வாலுவுக்கும் சொன்னேன்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். நேராகச் சொல்ல வாய் வரவில்லை, புத்தகம் போய்ச் சொல்லட்டுமே. அவள் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தால் அவள் மனசு தெரிந்துவிடும்.

மார்ச் 25

லிஃப்ட்காரரும் அந்த நாவலை வாங்கியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் முடித்துவிட்டீர்களா என்று கேட்டால், இதைத்தான் முதலில் படிப்பேன் என்கிறார்! முடிவு தெரியாமல் எப்படி நிம்மதியாகப் படிப்பது என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? முடிவைச் சொல்ல வந்தார், காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

மார்ச் 31

நாவலில் பாதி தாண்டிவிட்டேன். நல்ல எழுத்து. அலங்காரம் இல்லை, அவசரம் இல்லை. அந்தப் பெண்ணை எழுத்தாளர் எங்கேயும் பாவப்பட்டவளாக ஆக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வருகிறது, முன்கோபம் வருகிறது, செருப்பு வாங்கப் போய் ஒரு மணி நேரம் யோசிக்கிறாள்.

ஆனால் 143. அவள் போய்ச் சொன்னதும், செத்தவனின் தங்கை கதவைப் பாதி மூடிக்கொண்டு சொல்கிறாள்: "எங்கண்ணன் பேரைச் சொல்லிக்கிட்டு இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே." அடுத்த பத்தியில் அந்தப் பெண் பேருந்துக்கு நிற்கிறாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எண்ணை அனுப்பவில்லை. வாலு சொல்லட்டும் முதலில்.

ஏப்ரல் 3

வாலுவிடமிருந்து வந்துவிட்டது. 143.

ஏப்ரல் 4

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 7

எதற்குக் கோபம், யார் மேல் கோபம்? அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே, அந்தத் தங்கை கதவை மூடுகிற பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணாடியைக் காட்டி முகத்தைத் தெரிந்துகொண்டு, இப்போது கண்ணாடியை நொந்து என்ன?

அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் வாலுவும் நானும் முறை வைத்துத் தூங்கினோம். அவள் கடையைப் பூட்டிவிட்டு வந்து கிடந்தாள். என் தலையை அவள்தான் பின்னிவிடுவாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். அவளை இழந்துவிட்டு எனக்கு என்ன புதுவாழ்வு வேண்டிக்கிடக்கிறது?

இன்று லிஃப்ட்காரரிடம், வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். காரணம் கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, திறந்து வைத்திருந்த பெட்டியில் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு, முட்டிவலியோடு படியேற வேண்டாம், நான் வருகிற நாளிலும் லிஃப்ட்டிலேயே போங்கள் என்றார்.

அடக்கமாட்டாமல் கழிவறைக்குப் போய் அழுதேன். நல்ல மனுஷன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது அதை.

ஏப்ரல் 12

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வாலுவிடமிருந்து இன்னொரு எண் வந்தது. 412. என் புத்தகமே 288 பக்கம்தான்.

தட்டச்சில் பிசகியிருப்பாள் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவளுடையது வேறு பதிப்போ என்று தோன்றியது. சட்டமாவது ஒன்றாவது, உடனே போன் போட்டேன். உன் புத்தகத்தில் எத்தனை பக்கம் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள், அவள் வாங்கியது பெரிய எழுத்துப் பதிப்பாம். கடையில் இரண்டும் இருந்ததாம். சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டே வருகிறதாம், போன நாவலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து முடித்தாளாம். கடையில் மருந்து அட்டையைக்கூட வேலை பார்க்கிற பெண்ணைத்தான் படிக்கச் சொல்கிறாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"கிழவி ஆயிட்டேன்னு சிரிப்பீங்க. அப்புறம் நீங்க பதறிப்போவீங்க, அதுவும்தான்."

அப்படியானால் 143 என்பது எந்த இடம்? படிக்கச் சொன்னேன். அவள் எழுத்தை நெருங்கிப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். என் புத்தகத்தில் அது 95. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண் வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறக்கிறாள். யாரும் இல்லாத வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்கிறாள். பதிலுக்குக் கொஞ்சம் நிற்கிறாள். பிறகு விளக்கைப் போடுகிறாள்.

"நீங்களும் அப்படிச் சொல்றீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

தினமும் சொல்கிறேன். அதனால்தான் அந்தப் பக்கத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை போல.

ஆமாம் என்றேன். போனில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. எட்டு வருஷமா இதை நான் நினைச்சுப் பார்க்கவே இல்லையே என்றாள். அந்த அழுகையிலேயே நான் சொல்லிவிட்டேன். லிஃப்ட்காரர் கேட்டதை, நான் வேண்டாம் என்றதை, ஏன் என்றதை, எல்லாவற்றையும்.

அவள் அழுகை நின்றுவிட்டது. "நீங்க இன்னொரு வீட்டு ஆளா போயிட்டா, நான் உங்களை என்னன்னு கூப்பிடுறது?"

எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். போனை யார் முதலில் வைத்தது என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 13

412 எந்த இடம் என்று கேட்க மறந்தேன்.

ஏப்ரல் 21

வாலு பேசவில்லை. நானும் பேசவில்லை. கண் டாக்டரிடம் போ என்று மட்டும் ஒரு வரி அனுப்பினேன், பார்த்துவிட்டாள், பதில் இல்லை. கோபம் இல்லை எனக்கு. அவளுக்கு அவர் ஒரே அண்ணன். கேட்டவுடனே சந்தோஷமாக இரு என்று சொல்லிவிட்டால் அது நாவல்.

இதற்கு நடுவில் நாவலை முடித்துவிட்டேன். அந்தப் பெண் பதிவு அலுவலகத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தங்கை வரவில்லை. எழுத்தாளர் அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், மனசு மாறி ஓடி வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு வரியாவது, தெருமுனையிலாவது நிற்க வைத்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 28

போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, எடுத்தவுடன் சண்டை.

"412ல அந்தத் தங்கைக்காரி வராம இருந்துட்டா பார்த்தீங்களா? யாரோ வழியில போறவங்க கையெழுத்துப் போடுறாங்க. என்ன ஜென்மம் அவ. புத்தகத்தைத் தூக்கி அடிச்சேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அடிச்சப்புறம் ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அவ இடத்துல நான்தான் இருக்கேன்னு அப்பதான் உறைச்சுது."

அதற்கு மேல் நாவலைப் பற்றி அவள் பேசவில்லை. கண்ணுக்கு ஊசி போட்டிருக்கிறார்களாம், இன்னும் இரண்டு பாக்கியாம். பிறகு, அவர் என்ன வேலை என்று சொன்னீர்கள், லிஃப்டா, கை சுத்தமாக இருக்குமா, சத்தம் போட்டுப் பேசுவாரா என்று வரிசையாகக் கேட்டாள். நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர் என்று சொன்னதும், "அய்யய்யே" என்று உண்மையாகவே அருவருத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஏப்ரல் 30

லிஃப்டை நாலாவது மாடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கீழ் மாடியில் ஆட்கள் கதவைத் தட்டினார்கள்.

ஜூன் 9

இன்று பதிவு.

வாலு நேற்றே வந்துவிட்டாள். தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறாள், அது அவளுக்கு நன்றாகவே இருக்கிறது, சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்ததும் என் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. எனக்கும் வந்தது.

அலுவலகத்தில் எழுத்தர் சாட்சிகளின் விவரங்களை வாயால் கேட்டுக் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். வாலுவைப் பார்த்து, பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். தோழி என்று சொல்லிவிடு, தெரிந்தவள் என்று சொன்னாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

"இவங்க எங்க அண்ணி" என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். அண்ணன் மனைவி என்றால் எப்படி, புரியவில்லையே என்றார்.

"எங்கண்ணன் இருந்தா அவர் பார்த்துக்குவார். இல்ல, அதான் நான் வந்திருக்கேன். எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். அவள் கண்ணாடியைச் சரிசெய்து, காட்டிய இடத்தில் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். நானும் போட்டேன். என் எழுத்து கோணிப் போயிற்று.