இடது கம்மி

சென்ற வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வீட்டில் யாரையும் கலந்தாலோசிக்காமல் ஒரு முடிவுக்கு வந்தேன். போனில் பாட்டுக் கேட்க நீ வாங்கிய டாங்கிள்கள் ஏழையும் ஒரே மூச்சில் மாட்டிக் கேட்டுவிடுவது என்பதே அந்த முடிவு. அணைகளைத் திறப்பவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மின்விசிறியை நிறுத்தினேன். போனை நூறு சதவீதம் சார்ஜ் செய்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் டப்பாவைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அது பழைய பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருடம் ஆகியும் வாசம் போகவில்லை. உள்ளே ஏழு சின்ன பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு குட்டை ஒயர். ஒவ்வோர் உறையின் மேலும் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. முப்பது வருடம் சர்வேயராக நிலத்தை அளந்த உன் கையெழுத்து, நில வரைபடத்தில் எல்லைக் கல்லைக் குறிப்பதைப் போல நிமிர்ந்து நின்றது. ஏழு சீட்டிலும் ஒரே வாசகம்: 'இடது கம்மி'. நான்காவதில் மட்டும் கீழே இன்னொரு வரி: 'எழுத்தாளருக்கும் கம்மி'.

அந்த ஒரு வரிக்காகத்தான் திங்கட்கிழமை உன் மனைவி டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, இதுல உங்கள எழுதி வச்சிருக்காரு," என்றார். "பையன் கேக்கறான், ஏழுமா ரிப்பேரா இருக்கும்னு. நெஜமாவே இதுங்கதான் ரிப்பேரா? இல்ல, அப்பவே அவருக்குக் காதுதான் கெட்டுப் போயிருந்துச்சா? காதுன்னா, பக்கத்துலயே இருந்த எனக்குத் தெரியாம போச்சேண்ணா. அத நெனச்சா தூக்கமே வர்ல."

கேட்டுப் பார்த்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். எனக்கு விடை தெரியாதது போல.

ஸ்மார்ட்போன்களில் ஒயர் செருகும் ஓட்டையை அடைத்துவிட்ட கம்பெனிகளை நீ மன்னிக்கவே இல்லை. ஒயர் இல்லாத இயர்போனை 'காத்துல வர்ற கஞ்சி' என்றாய். போனுக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். அந்த எண்களைச் சத்தமாக்கி, சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஒயர் வழியாகக் காதுக்கு அனுப்பத்தான் டாங்கிள் என்று எனக்கு விளக்கினாய். கிரிவலப் பாதையில் காலை நடையின்போது, அடி அண்ணாமலை வருவதற்குள், அதே பாடத்தை மூன்று முறை நடத்தினாய். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. எந்த டாங்கிளில் கேட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. அதைச் சொன்னபோது, "உனக்கு இருக்கறது காதில்லயா, கண்ணாடி மாட்ற கொக்கி," என்றாய். அது டாங்கிளுக்கெல்லாம் முந்தைய கேலி; கிட்டத்தட்ட இருபது வருடமாக எந்த டீக்கடையிலும் இதைச் சொல்ல நீ மறந்ததில்லை. நானும் சிரிக்க மறந்ததில்லை.

டாங்கிளைச் சோதிக்க உன்னிடம் ஒரு பதிவு இருந்தது. தீபத் திருவிழாவில் சாமி மாட வீதி வந்தபோது, குடைக்கம்பியின் இரண்டு முனையிலும் முனைக்கு ஒரு மைக்கைக் கட்டி நீயே எடுத்தது. இடது பக்கம் நாயனம், வலது பக்கம் தவில். நடுவில் யாரோ ஒரு அம்மாள் 'கொஞ்சம் தள்ளுப்பா' என்பதும் உண்டு. புது டாங்கிள் தபாலில் வந்ததும் அந்த ஊர்வலம் மறுபடி புறப்படும்.

முதல் டாங்கிள் வந்த சில மாதங்களில் இடது பக்கம் கம்மி என்று குறை சொல்ல ஆரம்பித்தாய். நாயனக்காரர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார் என்றாய். இரண்டாவதில் அவர் பூக்கடை வரைக்கும் போயிருந்தார். மூன்றாவதில் தெருமுனையைத் தாண்டியிருந்தார். தவில்காரர் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று கம்பெனிகளுக்கும் இடது பக்கம் என்ன விரோதம் என்று நான் கேட்டேன். என் கட்டுரைகளில் வருவதைப் போன்ற கேள்வி. சிரிப்பதற்காகக் கேட்டதே தவிர, யோசிப்பதற்காகக் கேட்டதல்ல.

நான்காவது வந்த அன்று அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சில் இயர்போன் இரண்டையும் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தாய். உன் முகத்தில் கேலி இல்லை.

"அளவுன்னா ரெண்டு பேர் வேணும்யா," என்றாய். "சங்கிலிக்கு இந்த முனைல நான். அந்த முனைய இன்னொருத்தன் இழுத்து நேரா புடிக்கணும். அவன் லூசா வுட்டா நிலமே மாறிடும். பொறுமையா கேளு. நாயனம் உனக்கும் கம்மின்னா டாங்கிள். உனக்குச் சரியா இருந்தா என் காது. நாளைக்கே டாக்டராண்ட போயிட்றேன்."

கேட்டேன். நாயனக்காரர் எங்கும் போயிருக்கவில்லை. என் இடது காதுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"ஆமா, கம்மிதான்," என்றேன்.

உன்னைப் பயமுறுத்த மனம் வரவில்லை என்று இதற்கு ஒரு நல்ல காரணம் எழுதலாம். எழுதியும் பார்த்தேன், அந்தப் பத்தி நன்றாகவே வந்திருந்தது, அதனால் கிழித்துவிட்டேன். உண்மை அதைவிடச் சின்னது. இருபது வருடத்தில் முதல் முறையாக என் காதைச் சாட்சிக்கு அழைத்திருந்தாய். சரியாகத்தான் கேட்கிறது என்றால் மறுபடியும் கொக்கி என்பாய். அந்தப் பெஞ்சில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியா, உனக்கும் காது வந்துட்ச்சி," என்று என் முதுகில் தட்டினாய். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வடை சொன்னாய். தின்றேன்.

அதற்குப் பிறகு டாக்டர் பேச்சே எழவில்லை. ஐந்தாவது வந்தது. அதில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் இருப்பதாகச் சொன்னாய். போனை அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. கரண்ட் கொஞ்ச நேரம் உள்ளே தங்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாய். ஆறாவது வந்தபோது, நடக்கையில் இடது பக்கம் சாய ஆரம்பித்திருந்தாய். இரண்டு தடவை என் தோளில் மோதினாய். செருப்பு சரியில்லை என்றாய். செருப்பு விஷயத்திலும் நான் உன் பக்கமே பேசினேன். புதுச் செருப்பு வாங்க உன்னோடு கடைக்கும் வந்தேன்.

ஒரு மனையை நான்கு பக்கமிருந்தும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நீ. இடது இயர்போனை வலது காதில் மாட்டிப் பார்க்க உனக்கு ஒரு முறைகூடவா தோன்றியிருக்காது? ஒரு நிமிட வேலை. அல்லது அப்படி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அன்று என்னிடம் வந்தாயா? வேறு ஒரு விடை கிடைக்காதா என்று வந்தாயா? உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அன்று என் காதில் விழுந்தது என்ன என்பதையும் சொல்லவேண்டி வரும்.

ஏழாவது வந்த வாரம் பேருந்து நிலையத்தில் விழுந்தாய். சென்னைக்கு அழைத்துப் போனோம். காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டார். "காதுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். ஒன்றரை வருஷமா எனக்கு ஒரு டாங்கிளும் சரியா அமையல," என்றாய். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்தேன். உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒன்று, அதிலிருந்து மூளைக்குப் போகும் ஒரு நரம்பு. உன்னுடைய இடது நரம்பில் கட்டி. முதலில் காது மந்தமாகும், பிறகு இரைச்சல் கேட்கும், பிறகு நடை தள்ளாடும் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். டாங்கிள் மேலும் செருப்பு மேலும் நீ பழி போட்ட அதே வரிசை. சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் எடுப்பது சுலபம் என்றும் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்பவரின் குரல்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய சாயங்காலம் நாம் இருவர் மட்டும் அறையில் இருந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "வூட்டுக்கு வந்ததும் எட்டாவது ஒண்ணு வாங்கணும்யா," என்றாய். "கேட்டுச் சொல்லத்தான் நீ இருக்கியே." தலையாட்டினேன். பதினோரு நாள் கண் திறக்காமல் இருந்தாய். பிறகு அதுவும் இல்லை.

வியாழக்கிழமை ஏழையும் கேட்டேன். ஊர்வலம் ஏழு முறை மாட வீதி வந்தது. 'கொஞ்சம் தள்ளுப்பா' ஏழு முறை. ஒவ்வொன்றிலும் இடது வலது மாற்றிப் போட்டும் கேட்டேன். உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: எல்லாவற்றிலும் நாயனக்காரர் தவில்காரருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். உன் தேர்வில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஏழும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

நான்காவது உறையின் சீட்டை மட்டும் தண்ணீர் தொட்டு மெதுவாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டேன். அது இப்போது என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் முதலில் அதைப் படிக்கிறேன். எனக்கு இனி உன்னிடமிருந்து வேறு கடிதம் வராது.

வெள்ளிக்கிழமை டப்பாவோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றார். உட்காரவில்லை.

"ரிப்பேர்தாம்மா," என்றேன். "ஏழும் இடது பக்கம் கம்மி."

"அப்ப சரிண்ணா," என்றார். பிறகு உட்கார்ந்தார். நீ போன இந்த இரண்டு மாதத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. பையனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். இந்த முறை பொய் யாருக்காக என்று எனக்குத் தெரியும். ஆனால் போன முறையும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை நகராட்சிக் குப்பை வண்டி வந்தது. உன் மனைவி டப்பாவைக் கழுவி வைத்துக்கொண்டு, டாங்கிள்கள் ஏழையும் மக்காத குப்பையில் போட்டார்.