சத்தியத்தை மீறாத பாவாவுக்கு

என் பிரியமான பாவா,

அக்கா புருஷன் என்று ஊருக்கு முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். சாராயக் கடைக்குள் கால் வைத்ததும் 'நீ' என்பேன். அந்தக் கடையைச் சர்க்கார் மறுபடியும் மூடிவிட்டது. இருந்தாலும் இதில் 'நீ' என்றே எழுதுகிறேன். ஊர் படிக்கத்தான் எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுத்துக் கற்ற ஜட்காக்காரன் நான். பிழை இருந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளட்டும். உன்னைப் பற்றி அது பேசியதை நான் எத்தனை காலம் பொறுத்தேன்!

அரக்கோணத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னை ஒரு கேள்வி கேட்டார். அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லுமுன் நீ போன கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷத்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாய். மலைமேல் முருகன் சன்னதியில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனி சாராயத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தாய். அன்றிலிருந்து நான் சவாரிக்குப் போகாமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு உன் வாயில் படவில்லை. முதலில் கை நடுங்கியது. பிறகு உடம்பே ஆடியது. வேர்த்துக் கொட்டியது. "எறும்பு, மச்சான்! கை மேல ஏறிகினு வருது, தட்டு, தட்டு" என்றாய். என் கண்ணுக்கு ஒரு எறும்பும் தெரியவில்லை. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"சாமி வந்திருக்குடோய்!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். பம்பைக்காரன் வந்துவிட்டான். உன் கழுத்தில் மாலை, கையில் வேப்பிலை. ஒருத்தி, "எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும் சாமி?" என்று குறி கேட்டாள். நீ "எறும்பு" என்றாய். "எறும்பு மேல ஏறுதாம். மழ வரப்போவுதுன்னு சாமி சொல்லுது" என்று ஒரு கிழவன் அர்த்தம் சொன்னான். அந்தச் சத்தத்தின் நடுவில் உனக்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. பம்பைக்காரன் அடியை நிறுத்துவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் காலில் விழுந்தவர்களே மறுநாள் பேசினார்கள். "திருட்டுத்தனமா குடிச்சிருப்பான். முருகன் சும்மா உடுவாரா?" மலைப்படி அடியில் அக்காவின் பூக்கூடை அப்படியே வாடியது. சத்தியம் மீறினவன் பெண்டாட்டி கட்டிய மாலை சாமிக்கு ஆகாதாம்.

நீ மீறவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு முருகன் மேல் கோபம். வாக்கைக் காப்பாற்றியவனை அடிக்கிற சாமி என்ன சாமி? அன்றோடு நான் மலை ஏறுவதை விட்டேன். பக்தர்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவேன். வீம்புக்கு இன்னும் அதிகமாகக் குடித்தேன்.

இப்போது கடையும் இல்லை, கள்ளச் சாராயமும் கிடைக்கவில்லை. என் கை நடுங்கிய நடுக்கத்தில், கடிவாள வாரை எந்தப் பக்கம் இழுக்கிறேன் என்று குதிரைக்கே தெரியவில்லை. அக்கா பார்த்துவிட்டாள்.

"முனுசாமி, அவருக்கு ஆன மாதிரியே உனுக்கும் ஆவுதுடா. எந்திரி, அரக்கோணம் போலாம்."

"நான் செத்தா உனுக்கு என்னா?"

"மறுபடியும் ஊரு பேசும். மறுபடியும் எம் பூ விக்காது. எந்திரிடா!"

ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டாள். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் எதுவும் சொல்லுமுன்னே கேட்டார்: "பெரியவரே, கை மேல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதா?"

பாவா, உன் எறும்பு இவருக்கு எப்படித் தெரியும்? அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆருங்க சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலைம்மா. ரொம்ப நாள் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா சில பேருக்கு இப்படி ஆகும். வலிப்பு வந்து உயிரே போயிடும். பக்கத்துல இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கணும்."

அக்கா உன் கதையைச் சொன்னாள். "நான் அவரைப் பார்க்கலை. ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா, அவர் குடிச்சதால சாகலை. குடிக்காம இருந்ததாலதான் அப்படி ஆயிருக்கு."

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள் அக்கா. சொன்னார். "இன்னொரு தபா" என்றாள். அதற்கும் சலிக்காமல் சொன்னார். அக்கா அழவில்லை. தரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

நான் அப்போதும் டாக்டரிடம் முறுக்கினேன். "சாமியே வேணான்னு இருக்கிறவன் நானு. நிறுத்தறது நானு. நடுவுல நீ எதுக்கு?"

"நிறுத்துறது நீங்கதான் பெரியவரே. நிறுத்தும்போது நீங்க சாகாம பார்த்துக்கிறது என் வேலை" என்றார்.

படுத்தேன். அவர் கொடுத்த மருந்து சாராயத்தைவிட மோசமாக நாறியது. ஒரு நர்ஸம்மா வந்து வந்து நாடி பார்த்தாள். உன் நாடியை யாராவது பிடித்துப் பார்த்தோமா பாவா? சத்தியம் செய்து கொடுத்த கையை ஒருவராவது பிடித்துப் பார்த்தோமா?

திரும்பி வந்தபோது என் மேல் வீசிய மருந்து வாசனைக்குக் குதிரை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. இன்னும் வாரா வாரம் டாக்டரிடம் போகிறேன். முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறேன், ஆனால் போகிறேன். பம்பைக்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அன்னிக்கு வந்தது சாமி இல்லியா? மழ வந்துச்சே!" என்றான். உனக்குத் தெரியுமா?

ஒன்று சொல்கிறேன், கேள். இந்த ஆடிக் கிருத்திகைக்கு அக்கா கட்டிய மாலையோடு நான் மலை ஏறுவேன். முருகனோடு எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதே. நேரில் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் குடியை விடச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்று எவனாவது என் வண்டியில் ஏறினால், அவன் எவ்வளவு கத்தினாலும் வண்டியை ஸ்டேஷனுக்குத் திருப்பி அரக்கோணம் ரயிலில் ஏற்றிவிடுவேன். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் நானே அவனை அடிவாரத்தில் கொண்டுபோய் இறக்குகிறேன். அவன் கற்பூரம் அணைத்துத் திரும்பி வரும்வரை வண்டியோடு காத்திருக்கிறேன்.

எறும்பைத் தட்டிவிட்ட கையால் எழுதும்
உன் மச்சான்,
ஜட்கா முனுசாமி