லயத்தில் நான்காவது கதவு

இல்லை, உன் சவர்க்காரத்தைத் தூக்கி எறியவில்லை. இதை எழுதும் கையிலும் அந்த மணம்தான்.

உன் மேசை லாச்சியில் இருந்த மற்றவற்றையெல்லாம் உன் அம்மா எடுத்துப் போய்விட்டார். சிவப்புச் சவர்க்காரத் துண்டு மட்டும் மூலையில் ஒட்டிக் கிடந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அது எதற்கென்று தெரியாது. எனக்குத் தெரியும். அட்டை கடிக்காமல் இருக்க. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நாளில் கணுக்காலில் தேய்த்துக்கொள்வாய்.

பேராதனையில் ஒன்றாகப் படித்து, கண்டியில் ஒரே கடன் நிறுவனத்தில் சேர்ந்தோம். நீ வெளிக்கள உத்தியோகத்தர். நான் தரவுப் பகுப்பாய்வு. மடவளை பஸ்ஸில் வந்து, திரையின் முன் உட்கார்ந்து, மடவளை பஸ்ஸில் திரும்புகிறவள்.

விண்ணப்பங்களை மதிப்பிட மென்பொருள் வந்தது. வங்கி வாசலே மிதிக்காதவர்களுக்கும் இனிக் கடன் கிடைக்கும் என்றார்கள். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் செல்வராணி ரொட்டிக் கடை போட விண்ணப்பித்தார். நிராகரிப்பு. காரணம்: இதே விலாசத்தில் வேறொருவர் கடன் பெற்றிருக்கிறார்.

நனைந்த குடையோடு என் மேசைக்கு வந்தாய்.

"அது அவ நாத்தனாருடி. பக்கத்துக் காம்பரா. லயம் முழுக்க ஒரே வெலாசந்தான். கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்."

"சிஸ்டத்துக்கு அது தெரியாதே."

"அப்ப ஒங்க சிஸ்டத்த ஒருக்கா லயத்துக்கு வரச் சொல்லு. ரெண்டு அட்ட கடிச்சா எல்லாம் தெரியும்."

சிரித்தோம். பிறகு நீ சிரிக்காமல் சொன்னாய்: "கதவு வேற, அடுப்பு வேற. எல்லாரும் ஒரே ஆளுன்னு எப்புடிடி சொல்றது?"

அந்த மழைக்காலத்திலேயே டெங்கு உன்னைக் கொண்டுபோயிற்று.

நீ உட்கார்ந்த கதிரை இருந்தது. கேள்வியும் இருந்தது.

மென்பொருள் வருமுன், உன்னைப் போன்றவர்கள் நேரில் பார்த்துக் கொடுத்த பழைய கடன்களை எடுத்தேன். ஒரே விலாசம், வேறு வேறு பெண்கள். தவணைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். மற்றவர்களைப் போலவே கட்டியிருந்தார்கள். சிலர் முந்தியே.

திங்கட்கிழமை அதை முகாமையாளர் முன் வைத்தேன்.

"ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா ஒரு விலாசத்தில இத்தினை பேரெண்டா மேலிடம் களவெண்டுதான் சொல்லும்."

"அதுக்குத்தான் சேர், கதவையும் விலாசத்துல சேர்க்கணும்."

"ஆர் போய்க் கதவு கதவாப் பாக்கிறது? முந்தி அவா போனவா."

இருவரும் உன் கதிரையைப் பார்த்தோம்.

"நான் போறேன் சேர்."

"மழையெண்டா வாசலுக்கே இறங்காத நீரோ?" சிரித்தார். பிறகு, "சரி. ஒரு தோட்டம். காசு திரும்பி வராமப் பிழைச்சுப் போச்செண்டா இந்தக் கதையை விட்டிரோணும்."

பிழையாகப் போக விடமாட்டேன்.

இன்று காலை புசல்லாவையில் இறங்கினேன். சவர்க்காரத்தை நனைத்துக் கணுக்காலில் தேய்த்துக்கொண்டேன். அப்படியும் ஓர் அட்டை ஏறியது. கத்தினேன். ஒரு பெண் ஓடிவந்து அதைப் பிடுங்கிப் போட்டார். செல்வராணி அக்கா.

"குடை மிஸ் வரலீங்களா?"

நீ இல்லை என்று சொன்னேன். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு அவருடைய விலாசத்தைப் பதிந்தேன். மாரியம்மன் கோயிலுக்கு மேல் லயம், நான்காவது கதவு.

ஐந்தாவது கதவைத் தட்டினேன்.