ட்ரெய்லர் முகத்தில் மஞ்சள் நூல்

மார்ச் 3, செவ்வாய்

கிள்ளானில் மழை இல்லை. வெக்கை. நான் வேலை பார்க்கும் ஷா ஆலம் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய ஒரு கழிவு அலுமினியத் தகடு. வாய் திறந்து கேட்கவே பத்து நாள்.

அப்பாவின் கேட்டரிங் ட்ரெய்லர் ஆடுகிறது. அம்மா இறந்து ஒரு வருடம் மூடிக் கிடந்தது. திதி முடிந்து எடுத்த மூன்று பயணத்திலும் ஆட்டம்.

அப்பா: "பின்னால யாரோ புடிச்சி இழுக்கற மாதிரி இருக்கும்மா. ஞாயித்துக்கிழம பத்துமலை அன்னதானத்துக்கும் ஆடுச்சின்னா வித்துடுவேன்."

பிக்கப்பைவிட ட்ரெய்லர் உயரம். காற்று அதன் முகத்தில் மோதுகிறது. அதுதான் காரணம்.

மார்ச் 5, வியாழன்

பிக்கப் கூரையில் தகட்டைச் சாய்த்துப் பொருத்தினேன், காற்று மேலேறிப் போக. ட்ரெய்லர் முகமெல்லாம் மஞ்சள் நூல் துண்டுகள், செலோடேப். காற்று எங்கே சுழல்கிறது என்று காட்டும்.

பக்கத்து வீட்டு ஆன்டி: "என்னம்மா, ட்ரெய்லருக்குக் காப்பு கட்டுறியா?"

அப்பா: "இன்ஜினியர் லா. பிளேன் ஆக்கப் போவுது."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

அப்பா சாமான் ஏற்றினார். ஃபெடரல் ஹைவேயில் சுங்கை வே வரை. நான் பின் சீட்டில். முன் சீட்டில் அம்மாவுக்குப் பிறகு யாரும் உட்காருவதில்லை. பின் கண்ணாடியில் போனை ஒட்டி வீடியோ. நூல்கள் மேல்நோக்கிப் படிந்து, ஒழுங்காக. இன்ஜின் முனகலும் குறைவு.

வேகம் எண்பதைத் தொட்டதும் ஆடியது.

அறுபதிலேயே வீடு திரும்பினோம்.

வாங்க வேண்டியது: பால், சாம்பிராணி, அப்பா மருந்து.

மார்ச் 7, சனி

ட்ரெய்லரின் பின் கதவைத் திறந்தேன். முன்கோடியில் சாமி படம், சுற்றி நாலடி காலி. அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் கதவோரம்.

"ஏம்பா முன்னால காலியா இருக்கு?"

"கரி புடிச்ச அண்டாவ சாமிகிட்ட வைக்கலாமா?"

"முந்தி?"

"முந்தி படத்த உங்கம்மா மடியில வச்சிகிட்டு வரும்."

பாரம் பின்னால் போனால் வால் ஆடும். முதலாம் ஆண்டுப் பாடம். மூன்று வாரம் காற்றையே பார்த்திருக்கிறேன். அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. பால் வாங்கி வந்தேன்.

சாயங்காலம்தான் சொல்ல முடிந்தது. "படத்த நான் வச்சிக்கிறேன்பா."

அப்பா அண்டாவைச் சக்கரத்துக்கு முன்பக்கமாகத் தள்ளினார்.

மார்ச் 8, ஞாயிறு

காலை ஆறு. தூறல். முன் சீட். படம் மடியில், சட்டத்தின் விளிம்பு தொடையை அழுத்துகிறது. எண்பது.

அப்பா பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி: "ஆடல."

பத்துமலை வந்துவிட்டது. இரண்டு காலும் மரத்துவிட்டன. படத்தை இறக்கவில்லை.