உன் தம்பி செய்த இரும்புக் கூண்டு

அடியே,

இன்று காலை உன் திசைகாட்டியை அரிசி டிரம்மை ஒட்டி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், வடக்கே நிற்க வேண்டிய ஊசி டிரம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரும்பைக் கண்டால் இதற்குப் புத்தி பேதலித்துவிடும். சிரித்துவிட்டேன். போன ஐப்பசியில் நீ போன பிறகு, உன்னை நினைத்து அழாமல் சிரிக்க முடிவது இந்த மாதம்தான். அது எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் இந்தத் திசைகாட்டியை என் கையில் வைத்து அழுத்தியபோதும் நீ என்னைக் கேலிதான் செய்தாய். தஞ்சாவூர் ஹாஸ்டலில் நான், "சொம்பை மேலண்டை நகர்த்து, நீ கீழண்டை படு" என்று சொல்ல, கடற்கரைக்காரி நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எங்கள் திருவாரூர்ப் பக்கம் மேற்கையும் கிழக்கையும் அப்படித்தான் சொல்வோம். வாய்க்கால் தண்ணீர் ஓடும் பக்கம் கிழக்கு, அதில் என்ன சந்தேகம்? ஆனால் வாய்க்கால் வற்றிவிட்டால் எனக்குத் திசை குழம்பிவிடும் என்பதைக் கண்டுபிடித்தவள் நீ. "மேட்டூர் அணையை மூடினப்புறம் இதைப் பார்த்துக்கடி" என்றாய். அதுதான் நீ எனக்குத் தந்த கடைசிப் பொருள்.

பங்குனியில் உன் தம்பி போன் செய்தான். "அக்கா, உளுந்து வேலை முடிஞ்சதும் ஒரு நடை வாங்க. எங்கக்கா பேர்ல ஒண்ணு செஞ்சிருக்கேன்." நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வனத்துறையிடம் அனுமதி வாங்கி நீ ஆமை முட்டைகளைப் புதைத்துக் காத்த அதே மணலுக்குப் போனேன். நீ இல்லாத முதல் வருஷம். ஊர்க்காரர்களும் அவனும் சேர்ந்து முட்டைகளை எடுத்து வந்து புதைத்து வைத்திருந்தார்கள். நீ எப்போதும் மூங்கிலில் கட்டும் வேலி அங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கூண்டு நின்றது. அவனுடைய வெல்டிங் பட்டறையில் அவன் கையால் செய்தது. நாலு பக்கமும் கம்பி வலை, மேலே நீலப் பெயிண்ட், முன்னால் உன் பெயர் எழுதிய பலகை.

"காசு இல்லாமதான் எங்கக்கா மூங்கிலோட ஒப்பேத்துதுன்னு தெரியும். கேட்டா வேணாம்னுரும். இனிமே எந்த நாயும் தோண்ட முடியாது பாருங்க" என்றான். முகம் முழுக்கப் பெருமை.

நீ ஏன் இரும்பைக் கிட்டே விடமாட்டாய் என்பது எனக்கல்லவா தெரியும்! பூமி முழுக்க ஒரு காந்தப் புலம் இருக்கிறது, அதன் பலமும் சாய்வும் இடத்துக்கு இடம் வேறு, அம்மா முகத்தையே பார்க்காத ஆமைக்குஞ்சு அதை வைத்துத்தான் நடுக்கடலில் வழி தெரிந்துகொள்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். எங்கேயோ விஞ்ஞானிகள் குஞ்சுகளுக்குச் சின்னத் துணிச்சட்டை மாட்டித் தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து, தொலைதூரக் கடலின் காந்தத்தை உண்டாக்கினார்களாம். அந்தக் கடலில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ, தொட்டியிலேயே அந்தப் பக்கம் திரும்பினவாம். அது வேறு வகை ஆமை, நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையை அவ்வளவாக ஆராயவில்லை என்பதையும் நீ மறைக்கவில்லை. பிறந்த கரையின் காந்த அடையாளத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு போகிறது, அதனால்தான் வளர்ந்து முட்டையிடத் திரும்பி வருகிறது என்று நினைக்கிறார்கள் என்றாய். "முட்டையைச் சுத்தி இரும்பு இருந்தா, தப்பான விலாசத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிரும்டி." அது நிரூபணமான விஷயமா என்று கேட்டேன். "இல்ல. ஆனா சந்தேகம் இருக்கையிலே மூங்கில் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாய்.

கூண்டு வந்து வாரம்கூட ஆகவில்லை. குஞ்சு பொரிக்கவோ சில நாள்தான் பாக்கி. சொன்னால் உன் தம்பி நொறுங்கிப்போவான், சொல்லாவிட்டால் உன் முகத்தில் விழிக்க முடியாது. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. பையிலிருந்த திசைகாட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்து, கூண்டை நோக்கி நடக்கச் சொன்னேன். கம்பிக்குப் பக்கத்தில் போனதும் ஊசி திரும்பியது.

"இரும்புன்னா இழுக்கத்தானே செய்யும்?" என்றான்.

அப்புறம்தான் நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. ஐயோ, பாவி, ஆசையாய்ச் செய்ததைக் கெடுத்துவிட்டேனே என்று பக்கத்தில் போய்க் குனிந்தால், அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"போய்ச் சேர்ந்தப்புறமும் என் வேலைல நொட்டை கண்டுபுடிக்குது பாருங்க எங்கக்கா!"

எனக்கு உயிர் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் போல அந்த மணலில் உட்கார்ந்து சிரித்தோம். அன்று சாயங்காலத்துக்குள் மூங்கிலும் பழைய நைலான் வலையும் வந்து சேர்ந்தன. கூண்டு இப்போது அவன் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. "கோழி எங்க, சிலோனுக்கா போவப் போவுது?" என்று அதில் கோழி அடைக்கிறான். உன் பெயர்ப் பலகையைக் கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்கிறான். நீயே வந்து கேட்டுக்கொள்.

குஞ்சுகள் பொரித்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். கீழ்வானம் வெளுக்கும் நேரம், கரையில் விட்டோம். கடல்மேல் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்தன, அலை வந்ததும் அலைக்கு முகம் கொடுத்தன. கரை மறைந்த பிறகுதான் நீ சொன்ன காந்தக் கணக்கு. அதை நாம் பார்க்க முடியாது. கடைசிக் குஞ்சும் நுரைக்குள் போனதும் உன் தம்பி கேட்டான்.

"திரும்பி வருமா அக்கா?"

"வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆகும்ப்பா."

"ஆவட்டும். விலாசம் சரியாக் குடுத்தாச்சுல்ல."

இதோ, திசைகாட்டியை டிரம்மிலிருந்து தள்ளி ஜன்னலில் வைத்தேன். ஊசி கொஞ்சம் ஆடிவிட்டு வடக்கே போய் நின்றது. வெளியே வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. இருந்தாலும் இப்போதெல்லாம் நான் தண்ணீரையும் பார்ப்பதில்லை, ஊசியையும் பார்ப்பதில்லை. உன் கரை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் கிழக்கு.